வேட்டை ரைபிளில் கைத்துப்பாக்கிக் குண்டு: எது உடையாமல் தாங்கும்?

44 மேக்னம் ரிவால்வர் ஒன்றும், அதே தோட்டாவைச் சுடும் லீவர் ரைபிள் (நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றுவது) ஒன்றும் வைத்திருப்பவர் இரண்டுக்கும் ஒரே பெட்டியிலிருந்து குண்டு எடுத்து அடைக்கலாமா? அடைக்கலாம். இரண்டும் சரியாகச் சுடும், காகித இலக்கில் குண்டுகளும் நெருக்கமாகவே விழும். வேட்டைக்குப் போகும்போதுதான் சிக்கல் வரும். ரிவால்வரில் மானைச் சுத்தமாக வீழ்த்திய அதே குண்டு, ரைபிளிலிருந்து முப்பது கஜத்தில் தோள் எலும்பில் பட்டால், நுரையீரலை எட்டுவதற்கு முன்பே சிதறி நின்றுவிடலாம். மேலே பார்க்கக் காயம் பயங்கரமாக இருக்கும், உள்ளே ஆழம் இருக்காது. விலங்கு ஓடிப்போய் எங்கோ விழுந்து, வெகுநேரம் துன்பப்பட்டுச் சாகும்.

ரீலோடிங், அதாவது தோட்டாவை நாமே அடைப்பது, புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் விட்டத்தையும் எடையையும் பார்த்துத்தான் குண்டு வாங்குகிறார்கள். அந்த இரண்டும் தேவைதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் குண்டை என்ன வேகத்தில் போய் மோதுவதற்காகச் செய்தார்கள்? இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பற்றவைக்கும் பிரைமர், வெடிமருந்து, குண்டு நான்கும் சேர்ந்த முழுப்பொருள். குண்டு என்று நான் சொல்வது அதிலிருந்து பறந்து போகும் துண்டை மட்டும். எடையை கிரெய்னில் சொல்வார்கள். 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. 240 கிரெய்ன் குண்டு ஏறக்குறைய பதினைந்தரை கிராம்.

ரைபிளுக்கும் கைத்துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா என்பது பழைய யோசனை. வின்செஸ்டர் நிறுவனம் 1873-இல் கொண்டுவந்த 44-40 தோட்டாவை, சில ஆண்டுகளிலேயே கோல்ட் ரிவால்வரும் ஏற்றுக்கொண்டது. இடுப்பில் ஒரு துப்பாக்கி, கையில் ஒரு துப்பாக்கி, பையில் ஒரே வகைத் தோட்டா. 357 மேக்னம் (1935), 44 மேக்னம் (1955) இரண்டும் பிற்பாடு லீவர் ரைபிளுக்குள் வந்தது அதே வசதிக்காக. இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஒஹாயோ, இண்டியானா, அயோவா, தென் மிச்சிகன் போன்ற தட்டையான, மக்கள் நெருக்கமான பகுதிகளில் மான் வேட்டைக்கு வெகுதூரம் பாயும் ரைபிள் தோட்டாவை நெடுநாள் அனுமதிக்கவில்லை. பிறகு நேர்ச்சுவர்க் கூடு (வாய்ப்பக்கம் கழுத்துபோலக் குறுகாத கூடு) உள்ள தோட்டாக்களுக்கு மட்டும் வழி விட்டார்கள். மிச்சிகனின் தென்பகுதியில் குண்டின் விட்டம் 0.35 அங்குலமாவது இருக்க வேண்டும், கூட்டின் நீளம் 1.16 முதல் 1.80 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்று அளவே குறித்துவிட்டார்கள். இந்த அளவுக்குள் அடங்கும் 450 புஷ்மாஸ்டர், 350 லெஜண்ட் போன்றவை பிறப்பிலேயே ரைபிள் தோட்டாக்கள்தான். ஆனால் அவற்றின் குண்டு விட்டம் கைத்துப்பாக்கிக் குண்டின் விட்டம். அதனால் அடைப்பவரின் கண் தானாகவே கைத்துப்பாக்கிக் குண்டுப் பெட்டிகளின் பக்கம் போகிறது. இந்தப் பெட்டிகள் விலை குறைவு, வகையும் ஏராளம்.

நானூறு அடி வேகம் என்ன செய்யும்

44 மேக்னத்தையே எடுத்துக்கொள்வோம். ரிவால்வரில் 240 கிரெய்ன் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 1350 அடி வேகத்தில் குழலை விட்டு வெளியேறும். இருபது அங்குலக் குழல் உள்ள ரைபிளில் அது 1750 அடியைத் தொட்டுவிடும். மேக்னம் தோட்டாவில் போடுகிற மருந்து மெதுவாக எரியும் வகை. ரிவால்வரின் குட்டைக் குழலை விட்டுக் குண்டு கிளம்பும்போது அழுத்தம் இன்னும் நிறைய மிச்சம் இருக்கும்; அது குழல் வாயில் தீப்பிழம்பாக வீணாகப் போகிறது. தோட்டாக்கள் இருக்கும் சுழல் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கிலும் கொஞ்சம் கசியும். ரைபிளில் இந்த இடுக்கு கிடையாது, மிச்ச அழுத்தமும் நீண்ட குழல் முழுக்கக் குண்டைத் தள்ளிக்கொண்டே வருகிறது. 357 மேக்னத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது: நான்கு அங்குல ரிவால்வரில் 1235 அடி போகும் 158 கிரெய்ன் குண்டு, ரைபிளில் 1800 அடி வரை போகும்.

வேகம் முப்பது சதவீதம் கூடினால் ஆற்றலும் முப்பது சதவீதம் கூடும் என்று நினைத்துவிட வேண்டாம். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 1350 அடியில் 970 அடி-பவுண்டு இருந்த 240 கிரெய்ன் குண்டு, 1750 அடியில் 1630 அடி-பவுண்டு சுமக்கிறது. குண்டை உடைக்கும் விசையும் அதே கணக்கில்தான் கூடுகிறது. குண்டு அதே குண்டு. அதன் ஈயத்தின் பிடிப்பிலோ அதை மூடும் செம்புச் சட்டையின் தடிமனிலோ ஒரு மாற்றமும் இல்லை.

இதே கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. கைத்துப்பாக்கிக் குண்டு குட்டை, பருமன், முனை தட்டை. காற்று அதை வேகமாக இழுத்துப் பிடிக்கும். குழல் வாயில் 1760 அடியில் கிளம்பிய 44 குண்டு, நூறு கஜத்தில் 1380 அடிக்கும் இருநூறு கஜத்தில் 1110 அடிக்கும் இறங்கிவிடும். நூறு கஜத்தில் அது ரிவால்வர் குழலின் வாயிலிருந்து புறப்படும் வேகத்தில்தான் இருக்கிறது! அந்தத் தூரத்தில் சாதாரண ரிவால்வர் குண்டு, எதற்காகச் செய்தார்களோ அதையே செய்யும். ரைபிள் என்றாலே தூரத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம். குண்டின் உறுதியைச் சோதிப்பது என்னவோ புதருக்குள்ளிருந்து இருபது கஜத்தில் கிளம்பி வரும் மான்தான்.

அதனால் குண்டு வாங்குவதற்கு முன் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் சுட நேரும் மிகக் கிட்டத்தில் குண்டின் வேகம் என்ன, மிகத் தூரத்தில் என்ன. 44 ரைபிளில் நூற்றைம்பது கஜம் வரை சுடுகிறவருக்கு இது ஏறத்தாழ 1700 முதல் 1230 அடி வரை. 450 புஷ்மாஸ்டரில் 250 கிரெய்ன் குண்டு 2200 அடியில் கிளம்பி, நூறு கஜத்தில் 1840, இருநூறு கஜத்தில் 1520 அடி என்று போகும். நூறு கஜம் தள்ளிப் போன பிறகும் அது 44 ரைபிளின் குழல்வாய் வேகத்தைவிட அதிகம். இரண்டுக்கும் ஒரே மாதிரிக் குண்டு பொருந்தாது என்பது இந்த எண்களிலேயே தெரிந்துவிடும்.

குண்டை அறுத்துப் பார்த்தால்

ஒரு ஹாலோ பாயிண்ட் குண்டை, அதாவது முனையில் குழி உள்ள குண்டை, வைஸில் (பட்டறைப் பிடிகருவியில்) பிடித்து, நீளவாக்கில் பாதி வரை அரத்தால் தேய்த்துப் பாருங்கள். தனிக் குண்டை மட்டும்தான்; அடைத்த தோட்டாவை ஒருபோதும் கூடாது. ஈயத்தூள் பறக்கும், அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிறகு கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். தேய்த்த முகத்தில் சாம்பல் நிறத்தில் ஈயக் கரு தெரியும், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கோடு. அந்தக் கோட்டைத்தான் பார்க்க வேண்டும். குண்டின் வாய்ப்பக்கம் அது காகிதம் போல மெலிந்து, பல குண்டுகளில் கீறல்களோடு இருக்கும். அடிப்பக்கம் வர வரத் தடிக்கும். எங்கே தடிக்கத் தொடங்குகிறது, எவ்வளவு தடிக்கிறது, முனையில் உள்ள குழி எவ்வளவு ஆழம் இறங்குகிறது: குண்டின் குணம் கிட்டத்தட்ட முழுவதும் இந்த மூன்றிலேயே இருக்கிறது.

உடலுக்குள் நுழையும்போது முனைக் குழியில் திரவமும் திசுவும் அடைத்து, உள்ளிருந்து வெளியே நெம்புகின்றன. செம்பு கீறல்களின் வழியே கிழிந்து மடல் மடலாகப் பின்னால் மடங்கும். ஈயம் அதோடு சேர்ந்து விரிந்து காளான் வடிவம் எடுக்கும். அளவான வேகத்தில் இந்த விரிவு குண்டின் பாதியோடு நின்றுவிடும். எஞ்சிய தண்டு ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். வேகம் அளவை மீறினால் மடல்கள் அடிவரை கிழியும், மடங்கின ஈயம் துண்டு துண்டாகப் பிய்யும், கடைசியில் சட்டை வேறு கரு வேறு என்று பிரிந்துவிடும். பிரிந்த கருவுக்குப் பிடிப்பும் கிடையாது, நேராகப் போகிற திசையும் கிடையாது. விலங்கின் உடலிலிருந்து எடுத்த வெறும் செம்புச் சட்டையைக் கையில் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கமே தேவைப்படாது.

தற்காப்புக்காகச் செய்த கைத்துப்பாக்கிக் குண்டுகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். அவை பெரும்பாலும் வினாடிக்கு 850 முதல் 1200 அடி வரையான வேகத்தில், கட்டாயம் விரிய வேண்டும், உடல் திசுவுக்குப் பதிலாகச் சோதனைக்கு வைக்கும் ஜெலட்டினில் பன்னிரண்டு முதல் பதினெட்டு அங்குலத்துக்குள் நிற்க வேண்டும் என்று திட்டமிட்டவை. அவ்வளவு மெதுவான வேகத்திலும் விரிவதற்காகவே சட்டையை மெலிதாக வைத்திருக்கிறார்கள். அங்கே அது நல்ல குண்டு. 350 லெஜண்டில் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் குண்டு விட்டத்தில் ஏறக்குறையப் பொருந்துகிறது என்பதற்காக அதை இரண்டாயிரம் அடிக்கு மேல் ஓட்டினால், காகிதத்தில் வேடிக்கையாக இருக்கும். மானுக்கு வேண்டாம்.

வரலாற்றிலும் இது நடந்திருக்கிறது. 1960-களின் நடுவில் மார்லின் 444 என்ற ரைபிள் தோட்டா வந்தபோது, அதன் விட்டம் 44 மேக்னத்தின் அதே 0.429 அங்குலம். தொழிற்சாலைத் தோட்டாவில் 240 கிரெய்ன் குண்டு. வேகம் வினாடிக்கு 2300 அடிக்கு மேல். 44 மேக்னம் கைத்துப்பாக்கிக்கான எடையும் கட்டமைப்பும் கொண்ட குண்டு அந்த வேகத்தில் கிட்டத்தில் பட்டபோது உடைந்து சிதறுகிறது, பெரிய விலங்குக்கு ஆழம் போதவில்லை என்று குறை எழுந்தது. தோட்டாவுக்கே கெட்ட பெயர் வந்துவிட்டது. ஹார்னடி நிறுவனம் 444-க்கென்றே தடித்த சட்டையோடு 265 கிரெய்ன் குண்டு செய்த பிறகு அதே தோட்டா நல்ல வேட்டைத் தோட்டாவாக மாறியது. விட்டம் மாறவில்லை, வேகமும் பெரிதாக மாறவில்லை. மாறியது குண்டு மட்டும்.

மெலிந்ததிலிருந்து தாங்குவது வரை

பிளேட்டட் என்று விற்கும் குண்டுகளை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஈயத்தின் மேல் மின்முலாமாகச் செம்பு பூசியவை அவை, பயிற்சிக்கு மலிவு. செய்பவர்களே பொதுவாக 1200 முதல் 1500 அடிக்கு மேல் போகாதீர்கள் என்று வரம்பு சொல்கிறார்கள்.

அடுத்தது சாதாரணச் சட்டைக் குண்டு. இதில் முனையில் ஈயம் வெளியே தெரியும் சாஃப்ட் பாயிண்ட், பெரும்பாலும் ஹாலோ பாயிண்டைவிடக் கொஞ்சம் நிதானமாக விரியும். ஹாலோ பாயிண்டிலும் எல்லாம் ஒன்றல்ல. ஹார்னடியின் எக்ஸ்டிபி குண்டு அதன் வகைக்கு உறுதியானது. 44 ரைபிளில் மானுக்கு நிறையப் பேர் அதையே நம்புகிறார்கள். அதே நிறுவனம் 0.452 அங்குல விட்டத்தில் எக்ஸ்டிபி மேக் என்று தனியாக ஒன்று விற்கிறது. பெயரைப் பார்த்து விளம்பரச் சொல் என்று நினைத்துவிடாதீர்கள், வித்தியாசம் உண்மையானது. ஏனென்றால் 0.452 விட்டத்தில்தான் குழப்பம் அதிகம். 45 ஏசிபி பிஸ்டலும் பழைய 45 கோல்ட் ரிவால்வரும் 850 அடி அளவில் ஓட்டும் குண்டும் இதே விட்டம்தான். 454 கசுல் என்ற வலுவான ரிவால்வர் தோட்டா 1800 அடியில், 450 புஷ்மாஸ்டர் 2200 அடியில் ஓட்டும் குண்டும் இதே விட்டம்தான். கடை அலமாரியில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், எடையும் 230, 240, 250 என்று நெருங்கியே இருக்கும். 250 கிரெய்ன் சாதாரண எக்ஸ்டிபி 45 கோல்ட்டின் வேகத்துக்கு. 240, 300 கிரெய்ன் எக்ஸ்டிபி மேக் குண்டுகள் கசுல் வேகத்துக்கு. 450 புஷ்மாஸ்டர் அடைப்பவர் இந்த ஒரு சொல்லைத் தவறவிட்டால் மீதி எதைச் சரியாகச் செய்தும் பயனில்லை.

பிறகு வருவது பாண்டட் குண்டு. சட்டையும் கருவும் உலோகமாகவே ஒட்டியிருக்கும். ஸ்பியரின் கோல்ட் டாட் வகையில் ஈயக் கருவின் மேல் செம்பை அடர்த்தியாக மின்முலாமாக வளர்த்தே சட்டையாக்குகிறார்கள். மேலே ஒதுக்கிய மலிவு முலாம் குண்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இதில் செம்பு பல மடங்கு தடிப்பு. ஒட்டிய குண்டு அதிகமாக விரியலாம், ஓரம் தேயலாம், ஆனால் இரண்டாகப் பிரியாது.

தடுப்புச் சுவர் உள்ள குண்டு இன்னும் ஒரு படி மேல். ஜான் நோஸ்லர் 1946-இல் சேறு பூசிய ஒரு மூஸை (மிகப் பெரிய மான் வகை) சுட்டபோது குண்டு ஆழம் போகாமல் உடைந்ததிலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது; 1948-இல் விற்பனைக்கு வந்தது. குண்டின் நடுவே செம்பிலேயே ஒரு குறுக்குச் சுவர். முன் பாதி எப்படியும் விரிந்து போகட்டும், சுவர் தாண்டி உடைவு போகாது; பின் பாதி முழுசாக உள்ளே தள்ளும். கைத்துப்பாக்கி விட்டங்களில் ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம் இந்த வகை. 357-க்கு 158, 180 கிரெய்ன், 44-க்கு 240, 280, 300 கிரெய்ன் என்று கிடைக்கும். விலை கூடுதல்தான். வேட்டையில் ஆண்டுக்கு எத்தனை குண்டு சுடுகிறோம் என்று யோசித்தால் அந்த விலை ஒரு பொருட்டில்லை. பயிற்சிக்கு மலிவானதை வைத்துக்கொள்ளலாம்.

முழுச் செம்புக் குண்டில் ஈயமே இல்லை. பிரிவதற்குச் சட்டையும் இல்லை, கருவும் இல்லை. பார்ன்ஸ் எக்ஸ்பிபி போன்றவை முனையில் உள்ள குழி வழியாக ஆறு மடல்களாக விரிந்து, எடையில் ஏறக்குறைய எல்லாவற்றையும் தக்கவைத்துக்கொள்ளும். அதனால் எடை குறைந்ததே போதும். 357-க்கு 140 கிரெய்ன் செம்புக் குண்டு, அதைவிடக் கனமான ஈயக் குண்டின் ஆழத்துக்குப் போகும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. ஈயம் கலந்த இறைச்சியைத் தின்று இறந்த காண்டர் கழுகுகள் அந்தச் சட்டத்துக்கு முக்கியக் காரணம். அங்கே தேர்வு என்றாலே செம்புதான். இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைவு, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிறது, கூட்டுக்குள் அதிக இடத்தைப் பிடிக்கிறது. அப்புறம், வேகம் குறைந்தால் மடல் திறக்காமலே துளைத்துக்கொண்டு போய்விடும். நீங்கள் குறித்த இரண்டாவது எண், அதாவது தூரத்து வேகம், இங்கேதான் முக்கியம். செய்பவர் சொல்லும் குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே அது போகிறதா என்று பாருங்கள்.

இத்தனைக்கும் மாறான வழி ஒன்று: விரியவே விரியாத குண்டு. ஈயத்தோடு ஆன்டிமனியும் தகரமும் கலந்து வார்த்த கடின ஈயக் குண்டு, அகலமான தட்டை முனையோடு. 0.43 அங்குலம் விட்டம் ஏற்கெனவே போதுமான அகலம், இன்னும் எதற்கு விரிய வேண்டும் என்பது இதன் வாதம். தட்டை முனை திசுவை நசுக்கிக்கொண்டு நேராகப் போகும், எலும்பைக் கண்டு திசை மாறாது. பெரிய, தடித்த எலும்புள்ள விலங்குக்கு இதை மிஞ்சுவது கடினம். மானுக்கு என் விருப்பம் இது இல்லை. விலாவுக்கு நடுவே சுத்தமாக ஊடுருவிப் போய்விடும், மான் கொஞ்ச தூரம் ஓடித்தான் விழும். மறுபக்கம் வெளியேறுவது ஏறக்குறைய நிச்சயம் என்பதால் பின்னால் என்ன இருக்கிறது என்பதைச் சுடுவதற்கு முன் பார்த்தே ஆக வேண்டும்.

கடினம் என்றால் எவ்வளவு கடினம்? தூய ஈயம் பிரினெல் என்ற கடினத்தன்மை அளவில் 5, லைமன் 2 என்ற பிரபலமான கலவை 15, பழைய அச்சு எழுத்து உலோகமான லைனோடைப் 22. கூடக் கூட நல்லது என்று தோன்றும். 22-இல் வார்த்த குண்டு பெரிய எலும்பில் பட்டால் முனை கண்ணாடிச் சில்லாக உடையலாம். 12 முதல் 16 வரை போதுமானது. ரைபிள் வேகத்துக்கு அடியில் செம்புத் தகடு பொருத்திய குண்டு நல்லது. சூடான வாயு ஈயத்தின் ஓரத்தை அரிக்காமல் அது காக்கும். குழலில் ஈயம் ஒட்டினால் புதியவர்கள் கடினம் போதவில்லை என்று முடிவு கட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி விட்டம். குழலைவிடச் சற்றே பருமனான மென்மையான ஈயத் துண்டைக் குழல் வழியாக மெதுவாகத் தட்டி வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். சில 44 ரைபிள்களின் குழல் 0.431 அங்குலம் வரை இருக்கும். அதற்கு 0.430 குண்டு போட்டால் ஓரத்தில் வாயு கசிந்து ஈயத்தை உருக்கும். குழலைவிட ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ அங்குலம் பெரிய குண்டு வேண்டும்.

எடை, சுழல், நீளம்

எடை கூடினால் ஒரே விட்டத்தில் குண்டு ஆழம் போகும். 0.429 விட்டத்தில் 240 கிரெய்னின் குறுக்கு அடர்த்தி (பவுண்டில் எடையை, அங்குலத்தில் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 0.186, 300 கிரெய்னுக்கு 0.233. இந்த எண் குண்டு முழுசாக இருக்கும் வரைதான் செல்லும். பாதி உடைந்த 300 கிரெய்ன், உடையாத 240 கிரெய்னிடம் தோற்கும். எடை கூடியது வேகம் குறைவாகவும் போகும் என்பது ஒரு மறைமுக லாபம்: உடைக்கும் விசையும் அதோடு குறைகிறது.

ஆனால் கனமான குண்டு நீளமான குண்டு, நீளமானதை நிலையாகப் பறக்கவைக்க வேகமான சுழல் வேண்டும். பழைய மார்லின் 44 ரைபிள்களில் குண்டைச் சுழற்றும் குழலின் வரிப்பள்ளம் 38 அங்குலத்துக்கு ஒரு சுற்று, மிக மெதுவானது. ருகர் 77/44-இல் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. முதலாவதில் 240 கிரெய்ன் அழகாகப் பறக்கும். 300-ஐத் தாண்டிய நீண்ட வார்ப்புக் குண்டு பக்கவாட்டில் சாய்ந்து காகிதத்தில் சாவித்துளை வடிவத்தில் ஓட்டை போடலாம். அப்படி ஒரு ஓட்டை தெரிந்தால் அந்தக் குண்டை அந்த ரைபிளுக்கு மறந்துவிடுங்கள்.

ரைபிளுக்குள் ஏறி இறங்க வேண்டும் என்பதும் தேர்வின் பகுதி. 44 மேக்னத்தின் அதிகபட்ச மொத்த நீளம் 1.610 அங்குலம், 357-க்கு 1.590. ரிவால்வரின் நீண்ட சிலிண்டருக்காக முனை நீட்டிச் செய்த சில குண்டுகள் இதைத் தாண்டும். ரிவால்வர் பொறுத்துக்கொள்ளும், லீவர் ரைபிளில் தோட்டாவைத் தூக்கும் பாகம் அதை மேலே ஏற்றாது. லீவர் ரைபிளின் குழாய் மேகஸினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும்; ஒரு தோட்டாவின் முனை முன்னதன் பிரைமரில் முட்டி நிற்கிறது. அதனால் கூர்முனை கூடாது. தட்டை முனை அல்லது அதற்கென்றே செய்த மெத்தென்ற பிளாஸ்டிக் முனை மட்டும். ஸ்பிரிங்கின் தள்ளலிலும் சுடும் அதிர்ச்சியிலும் குண்டு கூட்டுக்குள் இறங்கினால் அழுத்தம் ஆபத்தாக ஏறும். குண்டில் உள்ள பள்ள வளையத்தில் கூட்டின் வாயை உறுதியாக மடிக்க வேண்டும். 450 புஷ்மாஸ்டரில் அந்த மடிப்பு கூடாது, ஏனென்றால் அது ரைபிளின் தோட்டா அறைக்குள் நிற்பதே கூட்டின் வாய் விளிம்பில்தான். அங்கே லேசாக இறுக்கினால் போதும். வாயு அழுத்தத்தில் தானாக இயங்கும் ரைபிளுக்கு வார்ப்பு ஈயம் வேண்டாம், வாயுத் துளை அடைத்துக்கொள்ளும்.

மருந்தளவு பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. அது குண்டு, மருந்து நிறுவனங்கள் வெளியிடும் கையேட்டிலிருந்துதான் வர வேண்டும். ஒன்று மட்டும்: ஒரே எடை என்பதால் ஒரு குண்டின் கணக்கை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். 240 கிரெய்ன் ஈயக் குண்டும் 240 கிரெய்ன் ஏ-ஃப்ரேமும் நீளத்திலும் குழலோடு உராயும் பரப்பிலும் வேறு, அழுத்தமும் வேறு. கையேட்டில் அந்தக் குண்டின் பெயரைத் தேடி, கீழ் அளவிலிருந்து தொடங்குங்கள்.

தண்ணீர்க் கேன்கள்

வாங்கிய குண்டு தாங்குமா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கேன்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி வரிசையாக வைத்து, பின்னால் பாதுகாப்பான மண்மேடு இருக்கும் சுடுதளத்தில் சுட்டுப் பார்க்கலாம். தண்ணீர் குண்டை இறைச்சியைவிடக் கடுமையாக விரிக்கும். அதனால் ஆழத்தை அப்படியே விலங்குக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் எந்தக் கேனில் குண்டு கிடைத்தது, என்ன வடிவத்தில், எவ்வளவு எடையோடு என்பது நன்றாகவே பேசும். நனைத்த செய்தித்தாள் கட்டு இன்னொரு வழி, வேலை கொஞ்சம் அதிகம். முக்கியமானது சுடும் தூரம். இருபது, இருபத்தைந்து கஜத்தில் சுடுங்கள், ஏனென்றால் உடைவது அங்கேதான். முடிந்தால் உங்கள் தூர எல்லையிலும் ஒரு முறை சுட்டு, அங்கே விரிகிறதா என்று பாருங்கள். எடுத்த குண்டை எடை போடுங்கள். 240-இல் 210 மிச்சம் என்றால் நன்று. 130 மிச்சமும் பக்கத்துக் கேனில் தனிச் செம்புச் சட்டையும் என்றால் அந்தக் குண்டு அந்த வேகத்துக்கு இல்லை.

அப்போது உறுதியான குண்டுக்கு மாறுவது ஒரு வழி. எல்லோரும் மறந்துவிடும் இன்னொரு வழி, வேகத்தைக் குறைப்பது. உங்கள் மான்கள் எல்லாம் எழுபது கஜத்துக்குள்தான் என்றால், 44 ரைபிளில் சாதாரண 240 கிரெய்ன் குண்டை 1750-க்குப் பதில் 1400 அடியில் ஓட்டுங்கள். அது ரிவால்வரில் செய்ததையே செய்யும், தோளும் உங்களுக்கு நன்றி சொல்லும். இதற்கு மேக்னம் மருந்தையே குறைத்துப் போடக் கூடாது. ஹெச்110, வின்செஸ்டர் 296 போன்ற மெதுமருந்துகளை அளவுக்குக் கீழே குறைத்தால் ஒழுங்காகப் பற்றாது, குண்டு குழலுக்குள் சிக்கிக்கொள்ளலாம். அடுத்த தோட்டா அதன் மேல் மோதினால் ரைபிளே வெடிக்கும். நடுத்தர வேகத்தில் எரியும் மருந்துக்குக் கையேட்டில் தனி அளவு இருக்கும், அந்த வேகத்தைத் தருவது அதுதான். 450 புஷ்மாஸ்டர்காரர்களில் 45 கோல்ட் குண்டு நிறைய வைத்திருப்பவர்களுக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன்: அந்தக் குண்டைப் பயிற்சிக்கு மெதுவாக ஓட்டுங்கள், மானுக்கு 300 கிரெய்ன் எக்ஸ்டிபி மேக் ஒரு பெட்டி தனியாக வாங்கி வையுங்கள்.